ராக்கெட்டைச் சாய்த்த சாரல் காற்று

ஜூலை 8, செவ்வாய்

கணக்கு வகுப்புக்குத் தண்ணீர் ராக்கெட் செய்யச் சொல்லிவிட்டார் சுகந்தி மிஸ். பறக்கவிட்டால் மட்டும் போதாதாம். போன உயரத்தையும் கோணம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமாம். யாருடையது அதிக உயரம் போகிறதோ அவர் தென்காசி கண்காட்சிக்குப் போகலாம்.

நான்தான் போக வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் இசக்கிதுரையே முதல். அலுத்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

இரண்டு லிட்டர் கலர் பாட்டில், அட்டை இறக்கை, கார்க், சைக்கிள் பம்ப். மாடியில் ஒத்திகை. மேலே போகாமல், கொடியில் காய்ந்த அப்பாவின் யூனிபார்மில் போய் முட்டியது. அம்மா திட்டியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

ஜூலை 11, வெள்ளி

தோற்றுவிட்டேன். என் ராக்கெட் வேப்பமரத்தைத் தாண்டியதை எல்லாரும் பார்த்தார்கள். கணக்குப் போட்டால் பத்தொன்பது மீட்டர்தான். இசக்கிதுரைக்கு முப்பத்துநாலாம்! எப்படி? என் கோணத்தை நானேதானே பார்த்தேன்? என் தோழி ஷமீம் பானு, “விடுட்டி ஷெர்லின்” என்றாள். எப்படி விட?

ஜூலை 13, ஞாயிறு

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தால் சாரல். வெளியூர்க்காரர்கள் முகத்தை நீட்டி நனைந்தார்கள். நாங்கள் வழக்கம்போல, சாரல் காற்று வரும் மேற்கே முதுகைக் காட்டி நின்றோம்.

அட! வெள்ளிக்கிழமையும் இப்படித்தானே நின்றேன்? காற்று ராக்கெட்டை என்னைவிட்டுத் தள்ளிக்கொண்டு போனது, கோணம் குறைந்துவிட்டது. எங்கள் பக்கம் இடமில்லாமல் எதிர்ப்பக்கம் போனவன் இசக்கிதுரை. ராக்கெட் அவனை நோக்கி வந்ததால் அவனுக்குக் கோணம் கூடிவிட்டது. இரண்டு கணக்குமே தப்பு!

ஜூலை 14, திங்கள்

மிஸ்ஸுக்குப் படம் போட்டுக் காட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கோணம் எடுத்தால் காற்றின் வேலை பலிக்காது. மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். மறுபடி விடப் போகிறோம். ஒரு பக்கம் நான், எதிரே இசக்கிதுரை, இரண்டு ராக்கெட்டுக்கும். என்னுடையதை அவன் குறைத்துச் சொன்னால்? — அவனும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைப்பான்.

ஜூலை 18, வெள்ளி

எனக்கு இருபத்துநாலு மீட்டர். அடுத்து அவனுடைய ராக்கெட். இரண்டு மூன்று பாகை குறைத்துச் சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது. உள்ளதையே சொன்னேன். இருபத்தாறு. மறுபடியும் அவன்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மிஸ் பலகையில் அவன் பெயரை எழுதும்போது எழுந்து நின்றான். “அங்கன கண்காட்சியில போயி அளந்து காட்டணும்லா மிஸ்? எதிர்ப்பக்கம் நிக்க ஆள் வேணும். ஷெர்லின் பேரையும் எழுதுங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே புதுப் பாகைமானி வாங்கிவிட்டேன்.