அமிலத்தில் போன வட்டம்

அன்பு மகளுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே உன் சித்தப்பாவின் வலது கையைத் தவிர எல்லாம் நலம். பதறாதே, முழங்கைக்குக் கீழேதான் சுட்டிருக்கிறது, விரல்கள் நன்றாக மடங்குகின்றன. டாக்டர் கொடுத்த வெள்ளைக் களிம்பிலும் துத்தநாகம்தானாம், சுட்டதும் அதுவே தடவுவதும் அதுவேயா என்று சிரிக்கிறான். எனக்குத்தான் மூன்று நாளாக உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. நீ வேலை செய்யும் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த பழுப்புத் துத்தநாகக் கல்லை மேசையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். வாளி, கூரைத் தகடு, பேட்டரிக் கூடு எல்லாவற்றிலும் இருப்பது இந்தக் கல்லா என்று அம்மா இன்னும் நம்பவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் வெல்டர் குழாயில் செய்த கேட் ஒன்று துத்தநாகப் பூச்சுக்கு எங்கள் தொட்டிக்கு வந்தது. காற்று அடைபட்ட குழாயை உருகிய துத்தநாகத்தில் முக்கினால் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போடுவது என் வேலை, உனக்குத் தெரியும். எப்போதும் கம்பி விட்டுத்தான் பார்ப்பேன். அன்றைக்கு வாயால் ஊதினேன், மறுமுனையில் காற்று வந்தது, வட்டம் போட்டுவிட்டேன். காற்று கேட்டின் வெளிச்சட்டம் வழியாகவே சுற்றி வந்திருக்கிறது, நடுக்குழாய் இரு பக்கமும் அடைத்துக் கிடந்திருக்கிறது. தொட்டியில் இறக்கியதும் வெடித்தது, சித்தப்பா பக்கத்தில் நின்றான். வெல்டர், ஓட்டை போட மறந்தது என் தப்புதான், ஆனால் வட்டம் இருந்ததே என்று எல்லாரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டார். முக்கும் முன் அமிலத்தில் கழுவும்போதே சாக்பீஸ் போய்விடும், சாட்சி ஏது? சோதனைக்குக் காட்டாமலே அனுப்பிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான் என்றார் மேலாளர், நாளையோடு வெல்டரை வேலையை விட்டு அனுப்பிவிடப் போகிறாராம். நானும் அங்கேதான் நின்றேன் மகளே, வாயைத் திறக்கவில்லை.

உன் கடிதம் வராததால்தான் நான் இப்படி அலைகிறேன் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை ஷிப்டுக்கு முன்னே வட்டம் போட்டது நான்தான் என்று மேலாளரிடம் சொல்லப் போகிறேன். வேலை இருக்குமோ இருக்காதோ. இதைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன், உனக்கு எழுதிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது.

நீ நீண்ட நாள் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. கீழே இறங்கியதும் தலைக்கு மேலே பாறை தளர்ந்திருக்கிறதா என்று தட்டிச் சத்தம் கேட்பது உன் வேலை என்றாயே, சரியாகத்தான் கேட்கிறது என்று தோன்றினாலும் இன்னொரு முறை தட்டு.

உன் அப்பா