கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர்

பக்கத்து மனையில் காலையிலிருந்து தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். கருங்கல் பொடியின் வாசனை நம் சமையலறை வரை வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டே, எத்தனை அடி போயிருக்காம் என்று கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

நெய்வேலியில் பிறந்தவள் நீ. உன் அப்பா சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர். நிலக்கரிக்கு அடியில் மணல், மணல் முழுக்கத் தண்ணீர், இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் அது கரியைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும் என்று கல்யாணமான புதிதில் எனக்கு வகுப்பே எடுத்தாய். என் 'இன்னா'வைக் கிண்டல் செய்ததும் அப்போதுதான். அச்சரப்பாக்கம் சுற்றி எல்லா ஊருக்கும் போர் போட்ட வண்டி என்னுடையது. என் பெண்டாட்டி நீயோ தெருக்குழாயில் குடத்தோடு நின்றாய். எனக்கு அது பெரிய மானக்கேடு.

ஒரு கோடையில் நம் வாசலிலேயே வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் வராவிட்டால் நெய்வேலிக்கே குடிபோய்விடலாம் என்று நீ முன்னாலேயே சொல்லிவிட்டாய். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராடு இறங்க இறங்க வெறும் சாம்பல் நிறப் பொடி. நிறுத்தலாம் என்றேன். இன்னும் ஆழம் போனால் பீறிட்டு வரும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். போனேன். அப்போதும் பொடிதான். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கத்திவிட்டேன்.

"இது இன்னா உங்க ஊரு மணலா? கீழ மொத்தமும் கல்லு கீது."

 நீ உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாய். 

சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்குப் போக முடியாமல் கொல்லைக் கதவோரம் நின்றவள், மழை விட்டதும் என்னைக் கூப்பிட்டாய். கொல்லைக்குப் பின்னால், மலையடியிலிருந்து சரிந்து வரும் நம் சரளை நிலத்தைக் கை காட்டினாய்.

"எங்க ஊர்லயும் மழை மேட்டுல விழுந்துதாங்க கரிக்கு அடியில போகுது. இங்க வாசல்ல தண்ணி குளமா நிக்குது. அங்க பாருங்க, சொட்டு நிக்கல. அது எங்க போகுது?"

 அத்தனை வருஷமும் ஆழத்தையே யோசித்த நான், தண்ணீர் உள்ளே போகிற வழியை யோசித்ததில்லை. மறுநாள் அங்கே போட்டேன். முதலில் உளுத்த கல், அப்புறம் கல்லில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் அடித்தது. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, பெட்டியை உள்ளே வைக்கச் சொன்னாய். நான்தான் தூக்கி வைத்தேன், தெருவே பார்க்க.

இப்போதும் யார் போர் போடக் கூப்பிட்டாலும், மழை பெய்தால் உங்கள் நிலத்தில் எங்கே தண்ணீர் நிற்காது என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மகன் மறைமலை நகரில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். வந்துவிடுங்கள் என்று தினமும் நச்சரிக்கிறான். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லைதான், அதை மறைப்பானேன். ஆனால் எனக்காக நீ போகாமல் நின்ற ஊர் இது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.