நமக்காகச் சுற்றும் வருஷங்கள்

அத்தான்,

இன்று காலை கோவில்பட்டி பஸ் கண்டக்டர் ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். நம் காற்றாலை ஆபரேட்டர் செல்லையா கொடுத்தனுப்பியது. மூடியைத் திறந்ததும் கருகின கியர் எண்ணெயின் வாடை கூடம் முழுக்கப் பரவியது. உங்கள் சட்டையிலும் கார் டிக்கியிலும் அக்காவின் சமையலறை அலமாரியிலும் ஒரு காலத்தில் இருந்த அதே வாடை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்களை நினைத்துக் கண் கலங்க வேண்டிய இடத்தில் எனக்கு முதலில் வந்தது பழைய எரிச்சல்தான். ஆள் போன பிறகும் பாட்டில் மட்டும் வந்துகொண்டிருக்கிறதே என்று.

எனக்கு உங்கள் மேல் பொறாமை. இனி இதை மறைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? நீங்கள் அக்காவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த அன்றே அது தொடங்கிவிட்டது. சிமென்ட் ஆலையில் மெஷின்களைப் பராமரிக்கும் இன்ஜினியர், அந்த ஊர் மடவார் வளாகத்துப் பையன் என்று சொல்லியிருந்தார்கள். தட்டில் வைத்த கேசரியைப் பாதியில் விட்டுவிட்டு, "மாமா, ஒங்க மில்லைச் செத்த நேரம் பாக்கலாமா?" என்று கேட்டீர்கள். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரித்துப்போயிற்று. பெண்ணைப் பார்க்க வந்தவர் நூற்பு மெஷினைப் பார்த்ததுதான் அதிகம். அந்த மில்லில் பஞ்சுப் பொதிமேல் தூங்கி வளர்ந்தவன் நான். என்னை ஒரு நாளும் அப்பா அப்படிக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டியதில்லை.

எனக்கு "ஏலே". உங்களுக்கு "நீங்க". மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுப்பது வழக்கம்தான், தெரியும். ஆனால் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ளே" என்று அப்பா முடிப்பாரே, அதில் மரியாதைக்கு மேல் ஏதோ இருந்தது. நீங்களோ என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. "என்ன பி.காம்?" என்பீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வீர்கள். உங்கள் சிரிப்பும் நன்றாக இருந்து தொலைத்தது.

ஆனால் காற்றாலை என்னுடையது. அதை நீங்கள் எப்போதாவது ஒப்புக்கொண்டீர்களா? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்வெட்டில் மில் பாதி நாள் சும்மா கிடந்தபோது, கயத்தாறுப் பக்கம் ஒரு காத்தாடி போடலாம் என்று சொன்னவன் நான். பேங்குக்கு அலைந்தவன் நான். மெஷின் விலை முழுவதையும் முதல் வருஷமே வருமான வரிக் கணக்கில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சலுகை கொடுத்திருந்தது. ராஜபாளையத்துக் கல்யாண வீடுகளில் மில்காரர்கள் சந்தித்தால் எவ்வளவு கழித்தீர்கள் என்றுதான் விசாரித்துக்கொள்வார்கள். எவ்வளவு சுற்றுகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. மார்ச் மாதக் கடைசியில் நம் கணக்கில் அந்த மெஷினின் மதிப்பு பூஜ்யம். ஆடிட்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக உங்களுக்கு முன்னால் போய்விட்டேன் என்று நினைத்தேன்.

சில வருஷம் போனது. அதற்குள் நீங்களும் ஆலை வேலையை விட்டுவிட்டு நம் மில்லுக்கே வந்திருந்தீர்கள். ஓர் ஆனி மாதம், கியர்பாக்ஸில் அரவைச் சத்தம் கேட்கிறது என்று செல்லையா வந்து சொன்னான். நீங்கள் கோபுரத்தின் மேலே ஏறிப்போனீர்கள். செல்லையாவின் சாப்பாட்டுப் பையிலிருந்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, அதில் எண்ணெய் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதை வைத்து, அடியில் ஒரு காந்தத்தைப் பிடித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளி மாதிரி தூள் அடியில் சேர்ந்து நின்றது. சாப்பிடுகிற இடத்தில் இதென்ன கண்றாவி என்று அக்கா சத்தம் போட்டாள். அப்பா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார்.

அது தேய்ந்து உதிர்ந்த இரும்பு, உள்ளே பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்றீர்கள். பலத்த காற்றில் மெஷினை நிறுத்திவிட வேண்டும், இளங்காற்றில் மட்டும் ஓட்ட வேண்டும், காற்று ஓய்ந்த தை மாதத்தில் கிரேன் வைத்துக் கியர்பாக்ஸை இறக்கி பேரிங் மாற்றினால் இன்னும் பல வருஷம் உழைக்கும் என்பது உங்கள் யோசனை. எனக்கு ரத்தம் கொதித்தது. வருஷ வருமானத்தில் பெரும்பங்கு ஆனி, ஆடி, ஆவணிக் காற்றில்தான் வருகிறது. அந்தக் காற்றில் நிறுத்திவைப்பதா? அது போதாதென்று கிரேன் வாடகை வேறு. கணக்கில் பூஜ்யமாகிவிட்ட ஒரு பொருளுக்குப் பணம் போடுவதா? உடைகிற வரைக்கும் ஓட்டுவோம், உடைந்தால் புதிதாக வாங்கி அதையும் செலவில் காட்டுவோம் என்றேன்.

அப்போது இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு ஒரு தடவை நெஞ்சுவலி வந்துபோயிருந்தது. இனி மில்லின் செக்கில் கையெழுத்துப் போடும் பொறுப்பை நம் இருவரில் ஒருவருக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். நீங்கள் அதைக் கேட்டுவிட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு மூன்று வேளையும் சோறு இறங்கவில்லை. கியர்பாக்ஸ் விஷயத்தில் அப்பா யார் பேச்சைக் கேட்கிறாரோ, கையெழுத்தும் அவருக்குத்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மதுரைக்குப் போய் ஆடிட்டரைப் பார்த்தோம், மூன்று பேரும். அவர் என் பக்கம்தான் பேசினார். திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நின்றுவிட்டது. அன்று ஆடிப்பூரத் தேரோட்டம் என்பது, அந்த ஊர்க்காரராகிய உங்களுக்குக்கூட மறந்துபோயிருந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. ஜனங்கள் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு போனார்கள். காற்று தெருவில் போட்டிருந்த பந்தலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அத்தனையும் வருமானம் அல்லவா? அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, "சரி, ரெண்டு வேரும் சொல்லுங்க. இங்கன வேற வேல என்ன இருக்கு" என்றார்.

நான் முதலில் சொன்னேன். மாதவாரியாக யூனிட், நிறுத்தினால் இழப்பு, கிரேன், பேரிங், வரியில் கிடைக்கும் சலுகை எல்லாம் மனப்பாடமாக வந்தன. தேர் வடம் இழுப்பவர்களின் கூச்சலையும் மீறிக் கத்திச் சொன்னேன். நீங்கள் எதையும் மறுக்கவில்லை.

"பி.காம் சொல்றது இந்த வருசத்துக்குச் சரிதான் மாமா" என்றீர்கள். "ஆனா கடன் அடையுற வரைக்கும் அது பேங்குக்காவச் சுத்துது. அதுக்குப் பொறவு சுத்துறதுதான் நமக்காவச் சுத்துறது. அந்த வருசம் வாரதுக்குள்ள அதைக் கொன்னுப்புடாதீங்க."

நடுச் சீசனில் உடைந்தால் என்ன ஆகும் என்றும் சொன்னீர்கள். வெளிநாட்டிலிருந்து கியர்பாக்ஸ் வந்து சேர மாதக்கணக்காகும், ஆடிக் காற்றில் கிரேன்காரன் தூக்கவும் மாட்டான், ஒரு சீசன் முழுக்க மெஷின் மொட்டையாக நிற்கும். அந்த இழப்புக்குப் பக்கத்தில் பேரிங் செலவை வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். கணக்கில் செத்தது காட்டில் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள்.

தேர் நகர்ந்தது. அப்பா டிரைவரை வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ளே. நிறுத்திருங்க" என்றார். ராஜபாளையம் வரும்வரை நான் ஜன்னல் வழியே நம் ஊர்ச் சஞ்சீவி மலையைத் தேடிக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் எனக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது. நம் மெஷின் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பக்கத்துக் காட்டிலிருந்த நம் ஊர் மில்காரர் ஒருவரின் மெஷின் ஆடி முழுக்கப் பேயாய்ச் சுற்றியது. அவருக்கு வந்த யூனிட்டையும் நமக்கு வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அப்பாவின் மேஜையில் வைத்தேன். தை மாதம் கியர்பாக்ஸை இறக்கியபோது பேரிங்கின் கூடு விரிசல் விட்டிருந்தது. இன்னொரு ஆடி தாங்கியிருக்காது என்றார்கள் பட்டறையில். தாங்கியிருந்தாலும் இருக்கும் என்றேன் நான். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த வருஷம் வைகாசியில் அந்தப் பக்கத்துக்காரரின் கியர்பாக்ஸ் உடைந்தது. நீங்கள் ஒன்றும் பெருந்தன்மையாக நடந்துகொள்ளவில்லை. கோவில்பட்டியில் புரோட்டா பார்சல் கட்டி வாங்கி, என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், நின்றுபோன அவர் மெஷினின் நிழலில் உட்காரவைத்தீர்கள். எதிரே நம்முடையது சுற்றிக்கொண்டிருந்தது. "சாப்புடு பி.காம், காத்து நல்லாருக்குல்லா" என்றீர்கள். அந்தப் புரோட்டாவை நான் விழுங்கின பாடு எனக்குத்தான் தெரியும். அந்த ஆவணியில் செக் கையெழுத்து உங்களுக்குப் போயிற்று.

பேங்குக் கடனின் கடைசித் தவணை கட்டிய வருஷமே நீங்களும் போய்விட்டீர்கள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அது நமக்காகச் சுற்றும் வருஷம் என்று ஆசையாகச் சொல்வீர்களே, அதில் ஒரு ஆடியைக்கூட நீங்கள் பார்க்கவில்லை. அன்று அப்பா உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு சிறு பிள்ளை மாதிரி அழுதார். நான் அவர் தோளைத் தாங்கிக்கொண்டு நின்றேன். நான் செத்திருந்தால் இப்படி அழுவாரா என்று அந்த நேரத்தில் என் மனம் கேட்டது. உங்கள் சாவின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது, அத்தான். அதைவிடக் கேவலம் ஒன்றும் இருக்க முடியாது. வந்ததை வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

உங்களுக்குப் பிறகு கையெழுத்து என்னிடம் வந்தது. வேறு ஆள் இல்லாததால் வந்தது.

அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நினைவும் விட்டுவிட்டு வருகிறது. சில நாள் நீங்கள் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார். அப்போதெல்லாம் அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

இன்று பாட்டிலை மேஜையில் வைத்துக் காந்தத்தைப் பிடித்தேன். தூள் சேர்ந்தது. வெளியே ஆடிக் காற்று வேப்பமரத்தைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து புதிதாகக் கணக்குப் போட்டேன். கிரேன் வாடகை ஏறிவிட்டது, மெஷினுக்கு வயதாகிவிட்டது, இந்தத் தடவையாவது உடைகிற வரைக்கும் ஓட்டலாம் என்று விடை வராதா என்று பார்த்தேன். கடன் இல்லாத மெஷின், இனிச் சுற்றுவதெல்லாம் நமக்கு. எப்படித் திருப்பிப் போட்டாலும் உங்கள் விடைதான் வந்தது. செல்லையாவைப் போனில் கூப்பிட்டு, பலத்த காற்றில் நிறுத்திவிடு, தையில் இறக்கிப் பார்ப்போம் என்றேன்.

போனை வைத்தபோது, ஈசிச்சேரில் கண்ணை மூடிக் கிடந்த அப்பா மூக்கை உறிஞ்சினார். எண்ணெய் வாடை அவர் வரைக்கும் போயிருந்தது.

"மாப்ளையா? எப்பம் வந்திய?" என்றார். "எண்ணெ எப்படி இருக்கு?"

இல்லை அப்பா, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அருகே உட்கார்ந்து, தூள் சேர்ந்ததையும் கணக்கு வந்த விதத்தையும் சொன்னேன். கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ளே" என்றார். அந்தச் சொல்லின் ருசி எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, எப்போதும் சொல்வதைச் சொல்கிற குரலில் சொன்னார்:

"எம் பயலயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க. நான் எப்பமும் ஒங்கள்ட்ட சொல்லுவன்லா. காத்தாடி அவன் மூளையில வந்தது. அவன் கணக்கு இல்லன்னா இந்த மில்லே இல்ல. நான் சொன்னா நல்லாருக்காது, நீங்க அவன்ட்ட சொல்லுங்க."

அத்தான், பாட்டில் இன்னும் என் முன்னால்தான் இருக்கிறது. செல்லையா கொடுத்த எண்ணெயையும் மில்லையும் கையெழுத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அப்பா எத்தனையோ தடவை உங்களிடம் சொல்லி அனுப்பியதை, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை? உங்களுக்கும் என் மேல் பொறாமையா?