சீழ் வைக்காத புண்

பிப்ரவரி 11, 2024, ஞாயிறு, ஸ்ரீரங்கம்

ஹ்ருஷி பிறந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. விழுந்ததும் உள்ளே வைத்து அவன் இடுப்பில் கட்ட, வெள்ளித் தாயத்தோடு காத்திருக்கிறாள் அத்தை. (மாமியார் என்று எழுத வரவில்லை. அப்பாவின் தங்கை.) "இவன் அப்பா ஜகனுக்குச் சீக்கிரமே விழுந்துடுத்து. இவன் சோம்பேறி!" என்றாள். நானும் சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

விழுந்துவிட்டது. ஆனால் தொப்புளைச் சுற்றி ஒரே சிவப்பு. "சீழ் வைக்கல பாரு, சுத்தமா இருக்கு. பயப்படாதே" என்றாள் அத்தை. எனக்கும் அப்படி யாராவது சொல்ல வேண்டியிருந்தது. நம்பினேன்.

பிப்ரவரி 26, திங்கள்

காய்ச்சல். தில்லைநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ரத்தத்தில் வெள்ளணுக்கள் பல மடங்கு அதிகமாம். "கிருமியோட சண்டை போடறதுதானே, நிறைய இருந்தா நல்லதில்லையா?" என்று ஜகன் கேட்டார். டாக்டர் ஜென்சி, கொடி எப்போது விழுந்தது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். கொடிக்கும் காய்ச்சலுக்கும் என்ன? பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

மார்ச் 5, செவ்வாய்

பரிசோதனை முடிவு வந்தது. வெள்ளணுவின் மேல் ஒரு புரதம் இருக்குமாம். அதைக் கொண்டுதான் ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றி, கிருமி இருக்கும் இடத்தில் வெளியேறுமாம். ஹ்ருஷிக்கு அது இல்லை.

"சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போற பஸ்ல கூட்டம் நெரியுது, ஆனா ஒருத்தராலயும் ஸ்டாப்புல இறங்க முடியல. அப்படி வெச்சுக்கங்க" என்றார் ஜென்சி. "இறங்கிச் சண்டை போட்டுச் செத்த அணுக்கள்தான் சீழ். அதான் இவனுக்கு வைக்கல. கொடி அறுந்து விழறதுக்கும் அவங்கதான் இறங்கணும், அதான் அதுவும் லேட்டாச்சு."

சுத்தமாவது, மண்ணாவது! அங்கே காப்பாற்ற ஒருத்தருமே வரல. நான் அதைப் பாத்துண்டு சும்மா உக்காந்திருந்தேனே—

ஜகனும் நானும் சொந்தமா என்று கேட்டார். அத்தை பிள்ளை என்றேன். இருவருமே தெரியாமல் அந்தக் குறையைக் கொடுத்திருக்கிறோம். எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பான். மூத்தவள் ஹம்ஸாவுடையது பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால்?

ஏப்ரல் 2, செவ்வாய்

பொருந்துகிறது! ஆனால் அவளுக்கு ஆறு வயசுதான். அவளையும் ஆபரேஷன் மேஜையில் படுக்க வைக்கணுமே. இந்த பயத்துக்கு முடிவே கிடையாதா?

ஜூன் 19, புதன், சென்னை

ஹம்ஸாவிடமிருந்து மஜ்ஜை எடுத்து ஹ்ருஷிக்கு ஏற்றினார்கள். ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். "தம்பிக்குப் போறுமாம்மா?" என்றாள். தெரியாதுடி கண்ணா.

டிசம்பர் 8, ஞாயிறு, ஸ்ரீரங்கம்

ஹ்ருஷியின் தொடையில் கொசு கடித்த இடம் நேற்றிலிருந்து சிவந்திருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு முனை. ஃபோட்டோ எடுத்து ஜென்சிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"சீழ்தாங்க! இறங்கிட்டாங்க! நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, மருந்து போட்டுக்கலாம்."

அத்தை ஈரத்துணியோடு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"துடைக்காதீங்கோ அத்தை. ஜகன் வந்து பாக்கட்டும்."