எந்த மேஜையிலும் என் கம்ப்யூட்டர்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? நம் வாலு இன்னும் பல் தேய்க்க அடம் பிடிக்கிறாளா?

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். இங்கே ஆபீஸில் யாருக்கும் சொந்த மேஜை கிடையாது. காலியாக இருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார வேண்டும். எல்லாவற்றிலும் எனக்குப் புரியாத இந்த ஊர் எழுத்து. அதனால் மேலாளரிடம் அனுமதி வாங்கி, கையில் அடங்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தையே போட்டுவிட்டேன். எதில் செருகினாலும் அது என் கம்ப்யூட்டராகிவிடும், தமிழில். போடும்போது தவறுதலாக ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்ததையே அழிக்கப் பார்த்தேன். நல்லவேளை, கடைசி நொடியில் கவனித்து நிறுத்திவிட்டேன். சிரிக்காதீர்கள்.

நேற்று அதைச் செருகியதும், மேஜை துடைக்க வந்த துப்புரவுக்கார அக்கா திரையில் இருந்த தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"நீங்க தமிழா?" என்றேன்.

"அடிப்பாவி! ஒரு வருஷமா நீ போடற குப்பையை நான்தான் எடுக்கறேன். இந்த ஊர் பாஷையில உனக்கு வணக்கம் சொல்லிச் சொல்லி நாக்கே சுளுக்கிடுச்சு!"

இருவரும் சிரித்தோம். பிறகும் அக்கா நகரவில்லை. துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்துக்கொண்டு நின்றார். நானும் போகச் சொல்லவில்லை.

படித்து முடித்த வாரப் பத்திரிகைகள் இருந்தால் பார்சலில் போடுங்கள். கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள், இப்போது படிக்க இரண்டு பேர்.

இந்த மேஜைக்கு அடுத்தவர் வந்து நிற்கிறார். டிஸ்க்கைக் கழற்றுகிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி