தையலுக்கு விட்ட அரை இன்ச்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், என் முதுகுவலி எங்கள் இருவரையும்விட நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் அம்மா சரியாகப் பேசவில்லை என்று வருத்தப்பட்டாயே, அது உன்மேல் கோபம் இல்லை கண்ணு, எல்லாம் இந்தப் பின்னம் செய்த வேலை. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னத்தில் பெருக்கலும் வகுத்தலும் நடத்த வேண்டும், போர்டில் எழுதினால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள் என்று இவள் காகிதத்தை மடிக்க வைத்திருக்கிறாள். பாதியில் பாதி கால் என்று எல்லோரும் மடித்துப் பார்த்துத் தலையாட்டினார்களாம். வாயாடி என்று ஒரு பெண், அவள் மட்டும் எழுந்து, "பெருக்கினா பெருசாகணும், இது எப்படி மிஸ் சின்னதாச்சு, ஏமாத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பே அவள் பக்கம் சேர்ந்து கத்த, தலைமையாசிரியை வந்து, "புதன்கிழமை நான் வந்து உட்காருவேன், பிள்ளைங்களுக்குப் புரியலைன்னா இந்தக் கூத்தை மூட்டை கட்டிட்டு போர்டுக்கே போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். நம் வீட்டில் எனக்கு ரொட்டிகூட முக்காலில் பாதிதான் தட்டுக்கு வந்தது, மீதியைக் கேட்டால் அது எத்தனை பங்கு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள் என்கிறாள்.

வகுத்தலுக்குத் துணிப்பட்டை வேண்டும், முழுசு இருபத்துநாலு இன்ச், முக்கால் பதினெட்டு, அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, மூன்று என்று எழுதிக் கொடுத்தாள். இது எனக்கு ஒரு வேலையா என்று கோட்டுத் துணியில் மடமடவென்று வெட்டிக் கட்டிக் கொடுத்தேன். முப்பது வருஷமாகத் தைக்கிற கை அல்லவா, ஒவ்வொரு பட்டைக்கும் இந்தப் பக்கம் அரை இன்ச், அந்தப் பக்கம் அரை இன்ச் தையலுக்கு விட்டுத்தான் வெட்டியிருக்கிறது. எனக்கும் தெரியவில்லை, அவளும் அளந்து பார்க்கவில்லை. புதன்கிழமை தலைமையாசிரியை குட்டி பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருக்கிறார், முக்காலுக்குள் எத்தனை அரைக்கால் என்று உன் அம்மா கேட்கிறாள், ஆறு வர வேண்டும். பதினெட்டு பத்தொன்பதாகவும் மூன்று நாலாகவும் வளர்ந்து கிடந்தால் எப்படி வரும்? நாலு வைத்ததும் ஐந்தாவது வெளியே துருத்திக்கொண்டு நின்றதாம். உன் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, மனசுக்குள் என்னை என்னென்ன திட்டினாள் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது. அப்போதுதான் வாயாடி எழுந்து அந்த ஐந்தாவது பட்டையை நாலாக மடித்து, அதில் மூன்று மடிப்பு உள்ளே அடங்குவதைக் காட்டி, "நாலே முக்கால், மிஸ்" என்றாளாம். தலைமையாசிரியை நம்பாமல் ஸ்கேல் வாங்கித் தரையில் மண்டியிட்டு அளந்திருக்கிறார். அளந்து முடித்துப் புடவையைத் தட்டிக்கொண்டே, "ஆறுன்னு யார் வேணா ஒப்பிக்கலாம், எதிர்ல இருக்கிறதைப் பார்த்து நாலே முக்கால் சொல்லணும்னா புரிஞ்சாத்தான் முடியும், எல்லா வகுப்புக்கும் இப்படியே நடத்துங்க" என்றார். அன்று சாயங்காலம் உன் அம்மா என் கடைக்கு வந்தபோது நான் தொங்கவிட்ட கோட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பிடித்து இழுத்து, சிரித்து, அப்புறம் அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, இதில் என்ன வெட்கம்.

நீ நல்லபடியாக இரு, எடுத்த காரியமெல்லாம் கைகூட எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. இப்போது பள்ளிக்கூடம் முழுக்க, "வேணும்னுதான் அப்படி வெட்டச் சொன்னேன்" என்று இவள் சொல்லிக்கொண்டு திரிகிறாள், என் வாயையும் கட்டிப்போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை உன்னிடமும் அதையே சொல்வாள். சிரிக்காமல், "அம்மா, உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தோணுது?" என்று கேள். பாவம், புதன்கிழமையிலிருந்து யாராவது அப்படிக் கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
வெட்டத் தெரிந்த, வகுக்கத் தெரியாத
உன் அப்பா