மான்களுக்குக் கட்டிய வேலி

மச்சான்,

உன்னுடைய பச்சை மழைக்கோட்டை நேற்றுத்தான் துவைக்கப் போட்டேன். உன் செத்தவீடு முடிந்த கிழமை உன் மனைவி தந்தது. "உங்களுக்கு அளவாயிருக்கும் அண்ணை, கொண்டு போங்கோ" என்றாள். அளவில்லை. நீ என்னைவிட ஒரு சாண் நெட்டை. ஆனாலும் வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் கொழுவினேன். அது அங்கேயே கிடந்தது.

குரோருட்டில் எங்கள் தொடர்மாடியின் நிலவறைச் சலவை அறை உனக்குத் தெரியும். மெசின் நின்றதும் கதவைத் திறந்தேன். ரப்பர் மடிப்புக்குள் கறுப்பாய், மூன்று மூலையாய் ஏதோ ஒட்டிக் கிடந்தது. எலிப் புழுக்கை என்று நினைத்து முகத்தைச் சுளித்தேன். பிறகு ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். ஈரச் சாக்கு மணம். பக்வீட் தானிய விதை. மான்களுக்கென்று நீ பைக்குள் அள்ளிப் போட்டதில் மிச்சம்.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. அடுத்த முறைக்குப் பதிந்திருந்த பெண் உடுப்புக் கூடையோடு வந்து நின்றாள். விதைகளைக் கைலேஞ்சியில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு மேலே வந்து தேத்தண்ணி போட்டேன்.

தை மாதம் நீ போனதிலிருந்து நான் இப்படித்தான். செத்தவீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் உன் பெட்டியைத் தூக்க வந்தவர்களின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் வேலைக்குப் போனேன். பஸ்ஸை ஒழுங்காக ஓட்டினேன், ஒரு தரிப்பிடத்தையும் விடவில்லை. டிப்போவில் நீ இருக்கும் கதிரையில் வேறொருத்தன் இருந்து சாப்பிட்டான், அதுவும் சாதாரணமாகத்தான் தெரிந்தது. கையுறை இல்லாமல் பனியில் நின்ற விரல் மாதிரி இருக்கிறேன். தொட்டால் தெரிகிறது, நோகவில்லை.

இது எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தப் பெண்மான். வடக்கே, விமான நிலையத்துக்கும் அப்பால், பைன் காட்டை அறுத்துக்கொண்டு போகும் தெருவில் நீ காலை முதல் பஸ் ஓடிக்கொண்டிருந்த காலம். பனி உருகத் தொடங்கியிருந்தது. திருப்பத்தில் அது குறுக்கே வந்தது. அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டைத் தொடாமல் இருந்து சொன்னாய்: "அது என்னைப் பாத்துக்கொண்டே நிண்டது மச்சான். நான் பிரேக்கிலைதான் நிண்டனான். பஸ் நிக்கேல்லை."

அடிபட்ட மிருகங்களைத் தேடிப் போகும் குழுவிலிருந்து நாயோடு வந்த மனிசிதான் இங்கர். அந்தக் காடும் அவருடையதுதான். மானைத் தேடிக் காட்டுக்குள் போனார், ஒரு வெடிச்சத்தம் கேட்டது, திரும்பி வந்து உனக்கு பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார். பனி உருகும்போது முதல் பச்சை தெருவோரத்தில்தான் வருகிறது, அதைத் தின்னத்தான் அவை கடக்கின்றன என்றார். காட்டுப் பக்கம் முழுக்க மணல், அங்கே ஒன்றும் இல்லை. அப்படியென்றால் காட்டுப் பக்கத்திலேயே சாப்பாடு வைத்தால் என்ன என்று நீ கேட்டாய். இங்கர் தோளைக் குலுக்கி, தெருவுக்கும் காட்டுக்கும் நடுவே தரிசாகக் கிடந்த ஒரு துண்டுக் காணியைக் காட்டினார். அந்தத் துண்டுக்குள் வேட்டையாடக் கூடாது என்று நீ கேட்டதற்கும் சம்மதித்தார். பஸ் டிரைவர் ஒருவன் தன்னிடம் நிபந்தனை போட்டது அவருக்குச் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். மணலை ஒரு பிடி அள்ளினாய், விரல்களுக்கிடையால் ஓடிவிட்டது. உன் முகம் மலர்ந்துவிட்டது. வடமராட்சியில் மணலில் வெங்காயம் வைத்தவனுக்கு இதெல்லாம் ஒரு காணியா என்ற நினைப்பு. நான் படுவான்கரை வயல்காரன், களிமண் பார்த்துப் பழகியவன். இதில் புல் முளைத்தாலே அதிசயம் என்றேன். என்னை நம்பிக்கையில்லாத நெல்லுக்காரன் என்றாய்.

முதல் வருடம் எப்படிப் போனது என்று உனக்கு நினைவிருக்கும். கடையில் கொம்பு வைத்த மான் படம் போட்ட பையைக் கண்டதும் தூக்கி வந்துவிட்டாய். உள்ளே பெரும்பாலும் குளோவர் என்ற தீவனப் பூண்டின் விதை. மூன்று இலையாய் அழகாகத்தான் முளைத்தது. ஆனியில் மழை இல்லை, மஞ்சளாகிப் பொரிந்து போனது. மணல் எதையும் வைத்திருக்காது என்றார் இங்கர், தண்ணீரும் நிற்காது, போட்ட பசளையும் நிற்காது. வேர் ஆழப்போகிற விதை வேண்டும், நிலத்தைக் கெதியாக மூடுகிற விதையும் வேண்டும். ஒன்று செத்தால் இன்னொன்று நிற்கும்படி கலந்து போட வேண்டும்.

அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. டிப்போவில் இடைவேளை முழுக்க விதைப் பைகளின் படங்களைப் போனில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாய். "முன்னாலை இருக்கிற மானைப் பாக்காதை, பின்னாலை இருக்கிற எழுத்தைப் பார்" என்று எனக்கும் பாடம். ரை தானியம், ஓட்ஸ், பக்வீட், அதில் பற்றிப் படர்கிற வெட்ச் கொடி, ஆழ வேர்விடும் சிக்கரி. குளோவர் தாழ்ந்த மூலைக்கு மட்டும் ஒரு பிடி. கோப்பியில் கலக்கிற சிக்கரிதானே, மானுக்குப் பாலும் சீனியும் நீ கொடுப்பாயா என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. விதை விஷயத்தில் உனக்குப் பகிடி பிடிக்காது.

இலையுதிர்காலத்தில் எங்கள் தொடர்மாடிச் சனம் சேர்ந்து வளவு கூட்டும் நாளில், எல்லோரும் கூட்டிய இலைச் சருகைப் பை பையாக என் காரில் ஏற்றினாய். ஊரில் பனையோலை தாட்ட மாதிரி மணலுக்குள் தாட்டுவதற்கு. எதற்கு என்று கேட்டவர்களுக்கு மானுக்கு என்றாய். அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு வேலி. அடுத்த வசந்தத்தில் நான் இரண்டு ஞாயிறு வேலை என்று வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்து பார்த்தால், நான்கு பக்கமும் கழி நட்டு, ஆள் உயரத்துக்குமேல் பிளாஸ்ரிக் வலை இழுத்துக் கட்டி நிற்கிறாய். ஒவ்வொரு முடிச்சும் இறுக்கமாய், ஒரே அளவாய்.

"மறுகா மான் எப்படி உள்ளுக்கு வாற?" என்று கேட்டேன்.

"குருத்திலை விட்டா எல்லாத்தையும் அரிச்சுப்போடும். கொஞ்சம் வளரட்டும், பிறகு கழட்டுவம்."

யாழ்ப்பாணத்தானிடம் ஒரு முழத் துண்டு கிடைத்தாலும் முதல் வேலை வேலிதான், மானுக்குச் சோறு போடுகிற இடத்திலுமா என்று நக்கலடித்தேன். நீ உடனே என் படுவான்கரை "மறுகா"வைப் பழித்துக் காட்டினாய். இங்கர் வந்து வலையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "மான்களுக்குக் கதவு தட்டத் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் உன்னைச் சுட்டிருக்க வேண்டும், அடுத்த கிழமை காட்டுப் பக்கம் ஒரு படலை வைத்தாய். வைத்தாயே தவிரத் திறக்கவில்லை. ஓட்ஸ் கதிர் தள்ளியது, பக்வீட் வெள்ளையாய்ப் பூத்தது, மான்கள் பைன் மரங்களுக்குள் நின்று பார்த்தன. நீ ஒவ்வொரு ஞாயிறும் "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்றாய். புரட்டாதியில் ஒருவழியாகத் திறந்தாய். ஒரு கிழமைக்குள் கட்டையாக மேய்ந்து முடித்துவிட்டன. கலியாணவீட்டில் பந்தி விசாரிக்கிறவன் மாதிரி நீ காருக்குள் இருந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாய். அந்தத் திருப்பத்தில் அதற்குப் பிறகு மான் அடிபட்டதாக இங்கர் சொல்லவில்லை. வயலால்தானா என்று அவருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் தெரியும்.

ஞாயிறுகளில் நீ என் காரில் ஏறும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஏறுவாய், பெல்ட்டைப் போட மாட்டாய். கார் கீ கீ என்று கத்தும். எங்கள் தெரு முடியும் மட்டும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பெல்ட்டைப் போடு மச்சான்" என்பேன். "கிழமை முழுக்க பஸ்ஸிலை போட்டுக்கொண்டுதானே இருக்கிறன்" என்பாய். பிறகு டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். இத்தனை வருடத்தில் ஒரு ஞாயிறும் இது தவறியதில்லை.

போன ஆவணி கடைசியில் பாதி வயலுக்கு, மாரி தாங்கும் ரை விதைத்தாய். முளைத்ததைப் பார்த்துவிட்டுப் படலையைக் கட்டினாய். அதன் பிறகுதான் வயிற்று வலி, சோதனைகள், ஆஸ்பத்திரி. ஒருநாள் நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறந்தாய். "வாற வருசக் கலவையை நீ தெரிவு செய். எனக்கு உந்தப் பையளைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு." நான் ஓம் என்றேன். நீ ஒரு சுளை தின்றாய். அதற்குமேல் நாங்கள் வயலைப் பற்றிக் கதைக்கவில்லை.

சித்திரையில் இங்கர் போன் எடுத்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் அந்தத் துண்டை உருளைக்கிழங்குக்குக் கேட்கிறாராம், மணல் அதற்குத் தோதாம். "நீ விதைத்தால் இல்லை என்று சொல்லிவிடுவேன். விதைக்காவிட்டால் கொடுத்துவிடுவேன். சும்மா கிடக்க விட எனக்கு மனமில்லை" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. எந்தப் பக்கமும் எனக்கு ஒரே மாதிரித்தான் இருந்தது. அந்த மனிசி மறுபடியும் போன் எடுத்தார், நான் தூக்கவில்லை.

நேற்று அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும் எழும்பி விதைக் கடைக்குப் போனேன். ஏன் என்று கேட்காதே, கால் போனது. மான் படம் போட்ட பைகள் முன்வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். ஒன்றும் சரிவரவில்லை, எல்லாவற்றிலும் குளோவர் கூட. ஓட்ஸ் தனியாக, வெட்ச் தனியாக, சிக்கரி கொஞ்சம் என்று எடுத்தேன். கடைப் பெண் நான் வேட்டைக்காரனா என்று கேட்டாள். பஸ் டிரைவர் என்றேன்.

இன்று காலை வயலுக்குப் போனேன், மச்சான். உன் ரை நிற்கிறது. வலைக்குள் முழங்கால் உயரத்துக்கு, கரும்பச்சையாய், ஒரு தாள்கூடக் கடிபடாமல் நிற்கிறது. வலையைச் சுற்றி வெளியே மணலில் ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது. குளம்புகள் மிதித்து மிதித்து விழுந்த பாதை. மாரி முழுக்க அவை உன் வேலியைச் சுற்றி நடந்திருக்கின்றன. படலையை நீயும் நானும் மறந்துபோனோம்.

அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கத்தி கொண்டு வரவில்லையே என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் அவிழ்த்தேன். நீ என்ன முடிச்சுப் போட்டாயோ தெரியாது, இழுக்க இழுக்க இறுகுகிறது. மூன்று பக்கம் கழற்றி வலையை மூன்று சுருளாகச் சுருட்டினேன். நான்காவது தெருப் பக்கம். அதில் கை வைத்துவிட்டு நின்றேன். பிறகு விட்டுவிட்டேன். உனக்கு வேலி வேண்டியிருந்தது அந்த ஒரு பக்கம்தான். அது நிற்கட்டும்.

இங்கர் நாயோடு வந்தார். சுருட்டிய வலையையும் விதைப் பைகளையும் பார்த்தார். விதைக்கிறேன் என்றேன். நல்லது, கிழங்குக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். வெறும் பாதியைக் கிளறி, கலந்து விதைத்து, நீ செய்கிற மாதிரிக் காலால் மிதித்துக்கொண்டு நடந்தேன். "மணலுக்கை போட்டா மிதிச்சுச் சொல்லோணும், இஞ்சையே இரு எண்டு." நீ சொன்னதைத் தமிழிலேயே சொல்லிச் சொல்லி மிதித்தேன். நாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. பக்வீட் விதைக்கவில்லை, அதற்குப் பனி ஆகாது. கைலேஞ்சி முடிச்சு உன் கோட்டுப் பைக்குள் ஆனி வரை இருக்கட்டும்.

காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் மான் ஒன்று வந்தது. வேலி இல்லாதது அதற்குத் தெரியவில்லை. மணலில் விழுந்த அந்தப் பாதையாலேயே சுற்றி நடந்து, படலை நின்ற இடத்துக்கு வந்து நின்றது. கொஞ்சம் வளரட்டும் என்று சொல்ல ஆள் இல்லை. தலையைக் குனித்து உள்ளே போனது. நான் விதைத்த பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை, உன் ரையில்தான் வாய் வைத்தது.

அது போன பிறகு காரை எடுத்தேன். இரண்டு சுருள் பின்னால் டிக்கிக்குள் போனது. மூன்றாவதற்கு இடமில்லை, பக்கத்து இருக்கையில் நிமிர்த்தி வைத்திருந்தேன். கார் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. நான் தெருவைப் பார்த்தபடி ஓட்டினேன். இங்கரின் ஒழுங்கை முடியும் மட்டும் பொறுத்துவிட்டு, "பெல்ட்டைப் போடு மச்சான்" என்றேன்.

பதிலுக்குக் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். கார் கத்திக்கொண்டேயிருந்தது.

ஓரமாக நிறுத்தி, எட்டி, உன் வேலிக்குக் குறுக்காகப் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். டிக் என்றது. அதற்குப் பிறகு எனக்குத் தெரு தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. பின்னால் வந்த பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து, எனக்கு ஏதும் உதவி வேண்டுமா என்பது போல் விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்து டிக்கியில் இருந்த இரண்டு சுருளையும் நிலவறையில் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்து இருக்கையில் இருப்பதை எடுக்கவில்லை. அது இன்னும் பெல்ட் போட்டபடிதான் இருக்கிறது.